மெலாத்தி, ஓம்?

மோர்னிங்சைட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் பார்மசியில், மகளுக்கு மருந்து தயாரானதும் கவுண்டரில் நிற்கும் பெண் "மெலாட்டி" என்று கூப்பிடுவாள். காப்பிக் கடையில் யாருக்கோ பானம் தயாராகிவிட்டது போல இருக்கும். என் கணவர் கதிரையை விட்டு அசையமாட்டார். அது வேறு வீட்டுப் பிள்ளை என்பது போல, சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அறிவித்தலைக் கவனமாக வாசித்துக்கொண்டிருப்பார். நான்தான் எழுந்து போவேன். வீட்டில் அவள் மாலதி, காகிதத்தில் மெலாத்தி. பதினான்கு வருடமாக ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். அதற்கு முழுக் காரணமும் நான்தான் என்று இவர் உறவுக்காரர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

கனடாவுக்கு வருமுன் நாலு வருடம் நாங்கள் இந்தோனேசியாவில் அகதிகளாகக் காத்திருந்தோம். இதைச் சொன்னால் இங்குள்ளவர்கள் உடனே கப்பலா, முகாமா என்று கேட்பார்கள். நாங்கள் இருந்தது மேடான் நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கிராமத்தில். அதன் பெயர் சுகாமாஜு. முன்னேற விரும்புவது என்று அர்த்தம். ஒரு பக்கம் நெல்வயல். மறுபக்கம் நகரம் மதில் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் போனபோது பஸ்ஸால் இறங்கி அரை மணித்தியாலம் நடக்க வேண்டும். வெளிக்கிடும்போது வாசலிலேயே வான் ஏறினோம். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. காலையில் எழும்பி, நகரம் நேற்றைவிட எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இவருடைய உத்தியோகம்.

அந்த ஊரில் எங்களை முதலில் மாட்டிவிட்டது ஒரு சின்னச் சொல். யாழ்ப்பாணத்து வாய் ஆம் என்பதை "ஓம்" என்றுதானே சொல்லும். அங்கே "ஓம்" என்றால் மாமா. சாப்பிட்டாயா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்பாள், நான் "ஓம்" என்பேன், அவள் எந்த மாமா வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பாள். நான் ஒரு மாதத்தில் திருந்திவிட்டேன். இவர் திருந்தவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டியதால் பிள்ளைகள் இவரை ஓம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். தனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது என்பது இவருக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் தன்னிடம் தமிழில் கதைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டார்.

மகள் வயிற்றில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் இவருடைய அக்கா காய்ச்சலில் இறந்துபோனார். தாயில்லாத இவரை வளர்த்தது அந்த அக்காதான். திரும்பிப் போக முடியாத நிலையில் செத்தவீட்டை இவர் போனில் கேட்டார். அழுகைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு லைன் அறுந்தது. அக்காவின் பெயர் மாலதி. பிறப்பது பெண்ணென்றால் என்ன பெயர் என்று நாங்கள் கதைக்கவே இல்லை, அது அன்றைக்கே முடிவாகிவிட்டது. பிரசவம் பார்த்த ஊர் மருத்துவிச்சி பு யந்தி எழுதித் தந்த துண்டில் மெலாத்தி என்று இருந்தது. அது அவர்களின் மல்லிகைப் பூ. பிறப்புச் சான்றிதழும் அப்படியே வந்தது. மயக்கத்தில் நான்தான் எதையோ உளறியிருக்கிறேன் என்று இவர் தீர்ப்புச் சொன்னார். எனக்கும் ஞாபகம் இல்லாததால் மறுத்துப் பேச வழியில்லை.

இந்த வருடம் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அடுத்தது பாஸ்போர்ட். அதற்கு முன் பெயரைத் திருத்திவிட வேண்டும் என்று இவர் பெயர் மாற்றப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றது.

"நான் சைன் பண்ண மாட்டன் அப்பா. எல்லாருக்கும் என்னை மெலாத்தி எண்டுதான் தெரியும்."

"உது பேர் இல்லைப் பிள்ளை. ஒராள் விட்ட பிழை."

"மிஸ்டேக் எண்டா ப்ரூவ் பண்ணுங்கோ. தென் ஐ வில் சைன்."

இவர் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவுக்கு இவரால் செய்ய முடிந்தது அந்த ஒரு பெயர் மட்டும்தான். மகள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது போல இருந்திருக்கும். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது, இரண்டு பேரிலும் பாவமாகவும் இருந்தது.

பு யந்தியின் நம்பர் என்னிடம் இருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்புவோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கே மாலை ஆறு, மூன்று பேரும் மேசையில் போனைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். திரையில் வந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை. வயல் இல்லை. மூன்று மாடிக் கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில், தன் பிரசவ நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பு யந்தி நின்றார். ஊர் போய்விட்டதே என்று எனக்குத் தெரிந்த உடைந்த இந்தோனேசிய மொழியில் துக்கம் விசாரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன போனது? இப்போது ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வருகிறது. முன்பு வலி வந்த பெண்களைக் கதிரையில் வைத்தல்லவா வரம்பால் தூக்கி வந்தோம்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இங்கே ரூஜில் நாங்கள் வீடு வாங்கப் பார்க்கிற இடமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வயல்தான்.

பிறகு பெயர்ப் பிழையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பிழையா? நான் கேட்டுத்தானே எழுதினேன். நீ மாலத்தி, மாலத்தி என்றாய். எங்கள் மெலாத்தியைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். இருந்தாலும் வாசலுக்குப் போய் உன் கணவரிடமும் கேட்டேன்."

"என்ன கேட்டீர்கள்?"

"மெலாத்தி, ஓம்? என்று கேட்டேன். அவர் ஓம், ஓம் என்றார். கண் நிறையத் தண்ணீர். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் அதையே சொன்னார்."

மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவர் அதைத் தமிழில் "மாலதி, ஓமோ?" என்று நினைத்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார். இவருடைய பட்டப்பெயரையும் அன்றுதான் இவருக்குச் சொன்னேன். மகள் மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தாள். பதினான்கு வருடப் பழியை இறக்கி வைத்த சந்தோஷத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான்தான் வச்சிருக்கிறன்," என்றார்.

மகளின் சிரிப்பு நின்றது. "ஓம் அப்பா. நீங்கள்தான் வச்சனீங்கள்."

படிவம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதன் வெறும் பின்பக்கத்தில் இவர் மரக்கறி லிஸ்ட் எழுதியிருந்தார். அஜின்கோர்ட் கடைக்கு அதைத்தான் கொண்டுபோனேன்.

போன கிழமை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனோம். பெயர் மெலாத்தி, பிறந்த இடம் சுகாமாஜு என்று இவரே நிரப்பினார். எங்கள் முறை வந்தபோது, மகள் காதில் பாட்டுக் கேட்கும் கருவி ஏதும் இல்லாமல், பத்தடி தள்ளி ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையின் கையெழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது, கூப்பிடுங்கள் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். இவர் திரும்பி, தொண்டையைச் செருமி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார்.

"மெலாத்தி."

அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவள் பார்க்கவில்லை. அப்பாவின் குரலில் அந்தப் பெயர் தன்னுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.