பச்சை விளக்கு எரிந்த ஒரே மூச்சு

செஞ்சியில் அனந்தமதியை டாக்டர் என்பார்கள். முதுகுவலிக்கு மாத்திரையும் கேட்பார்கள். பாவம், அவள் வாங்கியது இயற்பியலில் டாக்டர் பட்டம். சென்னை ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷமாக ஒரே வேலை: மூச்சை ஊதினால் சர்க்கரை எகிறியிருக்கிறதா என்று சொல்லும் கருவி. மூச்சில் அசிட்டோன் கூடினால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. நோயாளிகள் ஊதியபோது ஒழுங்காகச் சிவப்பு எரிந்தது. ஆரோக்கியமானவர்களுக்குப் பச்சை எரிவதைப் புதன்கிழமைக்குள் காட்ட வேண்டும். தவறினால் திட்டத்துக்கு மூடுவிழா.

ஆரோக்கியத்துக்கு நம் வீட்டில் பஞ்சமா என்று ஊருக்கு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, சமணர்களின் தசலட்சண விரதத்தின் கடைசி நாள்; சொந்தபந்தம் மொத்தமும் வீட்டில். பதினேழு பேர் ஊதினார்கள். பதினாறு சிவப்பு. அவள் நைனா நேமிகுமாருக்கு மட்டும் பச்சை.

"இன்னாம்மா, குடும்பத்துக்கே சுகரா?" என்றார் சித்தப்பா.

சாயங்காலம்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு நாளாக எல்லோருக்கும் வெந்நீர்தான் ஆகாரம். பட்டினி கிடந்தாலும் அசிட்டோன் ஏறும்; பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் விரதம் இருப்பவரைப் பட்டினி கிடப்பவர் என்று யாரும் நினைப்பதில்லை, விஞ்ஞானி உட்பட.

அடச்சே! சரி, அப்படியென்றால் நைனாவுக்கு ஏன் பச்சை? அவரும்தானே விரதம்? போன வருஷம் மோர் குடித்த சித்தப்பாவைக் கோயிலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர். ஒன்று கருவி பொய், இல்லை நைனா பொய். இரண்டாவதை அவள் யோசிக்கவே இல்லை. திட்டம் தோல்வி என்று மெயில் எழுத உட்கார்ந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

நேமிகுமார் எட்டிப் படித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூடமே கேட்கும்படி சொன்னார்:

"மெஷினு சரியாத்தான் இருக்குது. எனக்கு எட்டு வருஷமா சுகர். மாத்திர போடறேன், கண்ட்ரோல்ல இருக்குது. விரதத்துல அடுப்படியில மூடி வெச்சிருக்கிற ரெண்டு இட்லிய யாருக்கும் தெரியாம சாப்டுடுவேன்."

சித்தப்பா அனந்தமதியின் அம்மா பக்கம் திரும்பி, "ஒரு டம்ளர் மோர் குடுங்க அண்ணி" என்றார்.

அனந்தமதி நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மெயிலை அழித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுத் தெளிந்து, செவ்வாய்க்கிழமை மறுபடி ஊதினார்கள். பதினேழும் பச்சை. அவள் அம்மா ஒரு தட்டில் இரண்டு இட்லியை நேமிகுமார் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இத்தினி வருஷமா அந்த இட்லிய யாருக்கு வெச்சேன்னு நெனச்சீங்க?"

"பூனைக்குன்னு."

"நம்ம வூட்ல ஏது பூனை?"