நல்ல தண்ணி ஞானஸ்நானம்

யாழ்ப்பாணத்துத் தீவான கரம்பொன்னில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவினால் உதடு உப்புக் கரிக்கும், தலையில் தேய்த்த சவர்க்காரம் நுரைக்கமாட்டேன் என்று அடம்பிடித்து மயிரில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். குடிக்கிற "நல்ல தண்ணி" பவுசர் லொறியில்தான் வரும். அதைக் குசினிக் குடத்தில் நிரப்பி மூடிவைத்து அம்மா காவல் காப்பார். ஒரு மோட்சப் பிரச்சினைக்காக அந்தக் குடத்தில் நான் கைவைத்த கதை இது.

அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா "வேதக்காரி", நாங்கள் சைவம். ஒரு ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்தவள், செத்த பிறகு எல்லாருக்கும் "நடுத்தீர்வை" இருக்கிறது, ஆண்டவர் ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்புவார், ஞானஸ்நானம் இல்லாவிட்டால் மோட்சம் இல்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம் என்று, தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தெரு ஒழுங்கையில் வைத்தே எனக்குக் கொடுத்தும்விட்டாள்.

மோட்சம் கிடைத்த சந்தோசத்தில் எனக்கு ஒரே புளுகம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நான் மோட்சம் போனால் அப்பா?

அப்பாவுக்குத் தெற்கே தூரத்துக் காலி நகரில் கடை. வருடத்தில் இரண்டு தடவை வருவார், நான் அவரோடு ஒட்டிப் பழகுவதற்குள் போய்விடுவார், ஒவ்வொரு முறையும் நான் கத்திக் குழறி ஊரைக் கூட்டுவேன். இங்கே பிரிந்திருப்பது போதாதென்று செத்த பிறகுமா? வந்து நின்றவர் அன்று பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போகிறார். நான் ஓடிப்போய் ஸ்டெல்லாவைக் கூட்டிவந்தேன்.

"கிணத்துத் தண்ணி அள்ளுவமோடி?"

"விசரி! சவர்க்காரமே நுரைக்காத தண்ணியில ஜென்மப் பாவம் கழுவுப்படுமோ? நல்ல தண்ணி கொண்டா."

குடத்தைச் சரித்துச் செம்பை நிரப்பினேன். சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி மத்தியான நித்திரையில் கிடந்த அப்பாவின் நெற்றியில், "பிதா, சுதன்" என்று சொல்லி ஸ்டெல்லா பாதிச் செம்பைக் கவிழ்த்தாள். அப்பா துள்ளி எழும்பினார். திருநீறு கரைந்து மூக்கின் மேலால் ஓடியது. நான் விக்கி விக்கி அழுது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அம்மா ஓடிவந்தார். "வேதத்துக்கு மாறுறதெண்டா மாறுங்கோ! குடிக்கிற தண்ணியை ஏன்டி நிலத்தில ஊத்தினனீங்கள்?"

அப்பா முகத்தைத் துடைக்கவில்லை. "ஸ்டெல்லாப் பிள்ளை, நீர் இன்னும் சொல்லி முடிக்கேல்லை. பரிசுத்த ஆவி மிச்சம் கிடக்கு, ஊத்தும்," என்று தலையைக் குனிந்தார். அவள் ஊற்றினாள்.

அம்மா செம்புக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப தேப்பனும் மோளும் மோட்சம் போங்கோ. நான் தனிய எங்க போறது?" என்று முறைத்துக்கொண்டே தானும் தலையை நீட்டினார். அடியில் கிடந்ததோ சில சொட்டுகள். மோட்சத்துக்கு அதுவே காணும் என்று ஸ்டெல்லா தீர்ப்புச் சொன்னாள்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, பவுசரைக் கண்டு கனகாலம். காலிக் கடையும் இல்லை. அப்பா வீட்டோடு இருந்து அம்மாவிடம் பேச்சு வாங்குகிறார். பாரிசில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிற ஸ்டெல்லாவிடம் போன கிழமை தொலைபேசியில், "அண்டைக்குத் தந்தது செல்லுமோடி?" என்று கேட்டேன்.

"சாகக் கிடந்தாத்தான்டி செல்லும். நீங்கள் எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருந்தனீங்கள்!" என்று சிரித்தாள். "ஆனா பயப்பிடாத. ஆண்டவர் எங்கட மறைக்கல்வி ரீச்சரைப் போல கடுமையில்லை."

செல்லாவிட்டால் போகட்டும். அன்று பின்னேரம் அப்பா பஸ் ஏறியபோது, முதல் தடவையாக நான் அழவில்லை.