வலிக்கிறது என்று சொன்ன நாள்

நடனம் எங்கள் வீட்டுக்குள் மருந்தாகத்தான் நுழைந்தது. அப்பா நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் கணக்கு வாத்தியார். ஆராதனையில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் மகள் சலங்கை கட்டுவதா என்று சபையில் முணுமுணுத்தார்கள். முதுகு வளைவுக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் என்று அப்பா அவர்கள் வாயை அடைத்தார். டாக்டர் சொன்னது ஏதாவது உடற்பயிற்சி என்றுதான். உப்பளச் சாலையில் குடியிருந்த டான்ஸ் டீச்சரைக் கண்டுபிடித்தது அம்மா.

வளைவு ஆட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. பதினான்கு வயதில் மதராசுக்குக் கொண்டுபோய் முதுகெலும்போடு ஒரு எஃகுக் கம்பியைப் பொருத்தினார்கள். பிறகு கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு, ஒன்பது மாதம். தூத்துக்குடி வெயிலில் அதற்குள் கிடந்து பார்த்தால்தான் தெரியும். வியர்வை ஊறி அரிக்கும். குடைக்கம்பியை உள்ளே விட்டுச் சொறிவேன். எனக்கென்று மிச்சமிருந்தவை பாதங்கள் மட்டும். அவை சும்மா கிடக்கவில்லை. கட்டிலின் கால்பக்கப் பலகையில் தட்டடவு போட்டுக்கொண்டே இருந்தன.

பார்க்க வந்தவர்களுக்கு வேறு கவலை. ஜன்னல் கம்பி, சைக்கிள், ஊக்கு என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காத ஊர் எங்களுடையது. உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காதா என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி நிஜமாகவே கேட்டார். அப்பா அவருக்குக் கால்மணி நேரம் பாடம் எடுத்தார். பக்கத்தில் படுத்திருந்த நானும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

கட்டைப் பிரித்தபோது இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இல்லையா என்பார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பொய் அது. அவர் முகத்துக்காகச் சொன்னேன்.

முதுகுதான் நேராகிவிட்டதே, இனி ஆட்டம் எதற்கு என்றுவிட்டார் அப்பா. குனியாமல், குதிக்காமல் ஆடலாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ஒரு வருஷம் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஜெபத்தின்போதுகூட என் கால் பெஞ்சுக்கடியில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மத்தியானம், அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, அடுக்களையில் அரைமண்டியில் உட்கார்ந்தேன். கால்கள் எதையும் மறக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தேன். இடுப்புக்கு மேலே எல்லாம் கதவு மாதிரி ஒன்றாகச் சேர்ந்து வந்தது. தடுமாறி ஆட்டுக்கல்லில் கையூன்றினேன். மறுபடி சாய்ந்தேன், மறுபடி தடுமாற்றம். வலிக்கவில்லை. ஆத்திரத்தில்தான் அழுதேன்.

நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். திட்டவில்லை. வலிக்கா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

"ஏளா, வலிக்குன்னு சொல்லு. ஆடினாத்தான் கொறையும்னு சொல்லு. மத்ததை அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

அன்று சாயங்காலமே சொன்னேன். வலித்தபோதெல்லாம் இல்லை என்றவள், வலிக்காத நாளில் வலிக்கிறது என்றேன். அப்பாவின் முகம் வாடிப்போனது. எங்கே என்று கேட்டு, சாக்பீஸ் தூள் போகாத விரலால் முதுகைத் தொட்டார். ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

திங்கட்கிழமை அவரே ரிக்‌ஷா பிடித்து என்னை டான்ஸ் டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். மேடு பள்ளம் பார்த்துப் போகச் சொல்லிக்கொண்டே, உப்பு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பின்னாலேயே சைக்கிளில் வந்தார். நான் ஆடினேன். அதன்பிறகு யார் முன்னாலும் அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை.