லண்டனிலிருந்து ஒரு நாள்

இன்று மாத்தளை தபால் கந்தோரில் எனக்கு முன்னால் நின்றவர் ஏலக்காய்க் கடை முதலாளி. லண்டனில் இருக்கும் தம்பிக்குத் தந்தி எழுதிக்கொண்டிருந்தார்.

"உம்மா சீரியஸ். உடனே வா."

செத்தவர்களைப் பற்றியும் நாம் இப்படித்தானே எழுதுகிறோம்.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "லண்டன்ல இருந்து கட்டுநாயக்கவுக்கு பிளேன்ல எவ்வளவு நேரம் போகும்?"

"ஒரு நாள் முழுக்கப் போகுங்க, முதலாளி."

"இன்னைக்கு அசர் தொழுகையோட, பின்னேரமே அடக்கம்" என்றார்.

எழுதியதை வெட்டிவிட்டு, "உம்மா மவுத்து" என்று எழுதிக் கொடுத்தார்.

வந்து சேர முடிந்தவர்களுக்குத்தான் பொய் எழுதுவோம் போலிருக்கிறது.

அப்பா செத்தபோது எனக்கு 'சீரியஸ்' என்றுதான் தந்தி வந்தது. கொழும்பிலிருந்து அவருக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீங்கள் என்ன வாங்கிக்கொண்டு போனீர்கள்?