அத்தை பென்சிலில் எழுதிய மெட்டுகள்

அப்பாவின் அக்கா இறந்த பிறகு எனக்கென்று வந்தவை மூன்று பழைய பாட்டுப் புத்தகங்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாதவர். எளாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆயுசு முழுக்க நடவுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தார். இளவயதில் அவர் வேலை செய்த போதகர் வீட்டார் ஊர் மாறியபோது விட்டுச்சென்ற புத்தகங்கள் அவை. பாட்டுக்கு மேலே ஸ்வரம் போட்டு அச்சடித்தவை. அவற்றைப் பார்த்துத்தான் அத்தை ஆர்மோனியம் பழகினார்.

"இன்னாக்கா, இத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? பழைய புக்கு கடைல குடுத்தா டப்பு வரும்" என்றான் தம்பி.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கும்மிடிப்பூண்டியில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு அளவு பார்க்கிற வேலை. லீவு நாளில் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன்.

கடைக்காரர் புரட்டிப் பார்த்தார். "நல்ல பழசுதாம்மா. ஆனா பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல கிறுக்கி வெச்சிக்கிறாங்களே! அழிச்சிக் குடு, நல்ல ரேட்டு போட்டுத் தரேன்" என்று ஒரு ரப்பரையும் நீட்டினார்.

நான் அதைக் கையில் வாங்கிவிட்டேன். மறைக்க மாட்டேன்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் பக்கத்தில் புத்தகம் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். இசைக் கல்லூரி ஆசிரியையாம். பென்சில் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஸ ரி க என்று முணுமுணுத்தார். இரண்டாவது வரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. நடவில் ஒரு வரிசை முடிந்து பெண்கள் இடுப்பை நிமிர்த்தும்போது குரலும் மேலே ஏறுமே, அந்தப் பாட்டு! கடை என்றும் பாராமல் நான் வார்த்தைகளைச் சேர்த்துப் பாடினேன்.

அவர் என்னையே பார்த்தார். "அச்சுல இருக்கிறது வேற பாட்டும்மா. இதை எழுதினவங்க எங்க படிச்சாங்க?"

"எங்கயும் படிக்கலீங்க. எங்க அத்தை. நடவு ஆளு."

கம்பெனியில் யாராவது குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் இந்த இடத்தில் என் குரல் தாழ்ந்துவிடும். அன்று கடை முழுக்கக் கேட்டது.

மூன்று புத்தகங்களிலும் நாற்பத்தொரு மெட்டுகள் இருந்தன. வேறு தாள் கிடைக்காமல் அச்சு வரிகளுக்கு நடுவே எழுதியிருக்கிறார். ரப்பரைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் புத்தகங்களோடு வீடு திரும்பினேன். ஆசிரியை இரண்டு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்தார். பக்கங்களைப் படம் பிடித்தார். அத்தையோடு வயலில் நின்ற பெண்கள் பாடப் பாட, வார்த்தைகளை எழுதிக்கொண்டார்.

போன மாதம் அவருடைய மாணவிகள் அவற்றில் ஐந்தைக் கல்லூரி மேடையில் பாடினார்கள். முதலில் ஒருத்தி மைக்கில் அத்தையின் பெயரையும் ஊரையும் சொன்னாள். தம்பி பாட்டுத் தொடங்குமுன்பே கைதட்டிவிட்டான். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனை அடக்காமல் நானும் தட்டினேன்.