தாரணியின் ஸ்வெட்டர்

வட்டக்கானலில் ராக்கம்மாவின் மூக்குக்குப் பயப்படாதவர்கள் குறைவு. அவள் கூட்டிப் பெருக்கும் விடுதியில் எந்த அறையில் ஒளிந்து சிகரெட் பிடித்தார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். கணவன் சோலைமுத்து குடித்துவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு வந்தால், "பாவம், ஏலக்காயும் சேந்து நாறுது" என்பாள்.

அப்பேர்ப்பட்ட மூக்கை ஒரு குளியலறை தின்றுவிட்டது. டிசம்பர் கூட்டம், அறைக்கு வந்தவர்கள் பெட்டியோடு நிற்கிறார்கள். "வெரசா முடிங்கக்கா" என்று மேனேஜர் விரட்டுகிறான். பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கழுவிய பிறகுதான் ஆசிட் ஊற்றுவது அவள் வழக்கம். அன்று இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். குளிருக்கு ஜன்னலையும் சாத்தியிருந்தாள். குளோரின் கிளம்பி நெஞ்சை அடைத்தது. சோற்றில் போடும் உப்பிலும் இருப்பது அதே குளோரின்தான். அங்கே சோடியத்தோடு அடங்கிக் கிடக்கிறது, தனியே கிளம்பினால் ஆளைக் கொல்கிறது. என்ன கண்றாவியோ!

ஆஸ்பத்திரியில் மூச்சு திரும்பியது. வாசனை திரும்பவில்லை.

போனால் போகிறது என்று விட்டிருப்பாள். ஆனால் வீட்டில், ஒரு பாலித்தீன் பைக்குள், தாரணியின் ஸ்வெட்டர் இருந்தது. ஒரே மகள். முந்தின வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். ராக்கம்மா அதைத் துவைக்கவே இல்லை. ஞாயிறுதோறும் அதில் முகம் புதைத்தால் மகள் பக்கத்தில் இருப்பாள். இப்போது வெறும் கம்பளி.

சோலைமுத்து அந்தப் பையைத் தொட்டதே கிடையாது. மனசு தாங்காது அவருக்கு. அவர் கையில் கொடுத்தாள்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க. பிள்ள இருக்காளா?"

முகர்ந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். "இருக்கா."

"என்ன வாசம்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"தேங்காண்ணெ... தைலம்... பள்ளிக்கூடத்து சாக்பீஸ்... அவ வேர்வ."

அதன்பின் ஞாயிறுதோறும் அவர் முகர்ந்து சொல்வார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவர் குரல் உடையும். அந்த உடைந்த குரலில்தான் அவளுக்கு மகள் கிடைத்தாள்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் சோலைமுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"தேங்காண்ணெ, தைலம், சாக்பீஸ், வேர்வ" என்றார். குரல் உடையவில்லை. கண்ணும் காய்ந்து கிடந்தது.

ராக்கம்மா கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போதுங்க" என்று ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். அப்போதுதான் சோலைமுத்துவுக்கு அழுகை வந்தது.