இரண்டு ஊருக்கு ஒரு மோட்டார்

ஒரு திங்கட்கிழமை காலை லிஃப்ட் கதவு பாதி மூடி, பாதி திறந்து, கொட்டாவி விட்டபடியே நின்றுபோனது. வேறெந்தக் கட்டடத்தில் நின்றிருந்தாலும் லிஃப்ட் அக்காவுக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான். ஆனால் இது அவள் குடியிருக்கும் கட்டடம். ஐந்தாம் மாடியில் அவளும் கணவரும், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த மாமியாரும் இருந்தார்கள்.

லிஃப்ட் பழுது பார்க்க, கிரீஸ் படிந்த கையோடு அந்த நகரத்தில் அவள் ஏறாத கட்டடம் இல்லை. லிஃப்ட் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது, அவ்வளவே.

கதவை இழுக்கும் மோட்டார் கருகியிருந்தது. அன்றே தலைநகரத்தில் இருக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு வந்ததுதான் வேதனை. ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு வாய் பெரிது. குழாயில் தண்ணீர் கொஞ்சம் தாமதித்தால் தெருவே கூடிவிடும். மூன்றாம் மாடித் தையல்காரர் அவளைப் படியில் பார்க்கும்போதெல்லாம் மறித்தார்.

"உன் வீட்டு லிஃப்டையே ஓட்ட முடியல, ஊர் லிஃப்டை எப்படிம்மா பாக்குற?"

"மோட்டார் வரணும் அண்ணே."

"வரணும், வரணும்னா? நடந்தா வருது?"

மேலே போனால் மாமியார். அவருக்கு மலையடியில் இருக்கும் இன்னொரு நகரம் சொந்த ஊர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே குரலை உயர்த்துவது அவமானம். "எங்க ஊர்ல இப்படியா கத்துவாங்க? மனுஷங்க கொஞ்சம் அடக்கமா இருப்பாங்க," என்பார், ஜன்னலைச் சாத்தியபடி.

இரண்டு ஊரிலும் தலா ஒரு ரயில் நிலையம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பூட்டிக் கிடக்கும் ஓர் ஆலை. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் தூங்கிக்கொண்டே கடந்துபோவார்கள். குணத்தில் மட்டும் ஒன்று நெருப்பு, ஒன்று நீர். அது தலைநகரத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

"பார்சல் அனுப்பியாச்சே மேடம்," என்றார் தலைமை அலுவலகத்து ஆள், ஒரு வாரம் கழித்து அவள் போன் செய்தபோது. "மலைப் பக்கம்தானே உங்க ஊரு?"

"ஆத்துப் பக்கம் சார்."

"அப்படியா? ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மறுநாளே மலையடி நகரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே லிஃப்ட் பார்ப்பவருக்குச் 'சரிங்க' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைதான். பஸ் நிலையத்துக்கே வந்து காத்திருந்தார்.

"மோட்டார் வந்துச்சுங்க அக்கா. மாட்டிட்டேன்."

"மாட்டிட்டியா! எங்க?"

"கண் ஆஸ்பத்திரியிலங்க. மழைக்காலத்துக்கு முன்னாடியே நின்னுபோச்சு."

"அத்தனை மாசமா யாரும் கேக்கலையா?"

"ஒரு தடவை சொன்னாங்கங்க. நானும் ஹெட் ஆபீஸ்ல ஒரு தடவை சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

கழற்றி எடுத்துக்கொண்டுதான் போவது என்று அவரோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். லிஃப்டிலிருந்து ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் மகளின் தோளைப் பிடித்தபடி இறங்கினார்.

"இத்தனை நாள் எப்படிங்கய்யா ஏறினீங்க?"

"படி இருக்கேம்மா. தடவித் தடவி ஏறினோம்."

"ஒரு தடவையாவது கத்தியிருக்கக் கூடாதா?"

"யார்கிட்ட கத்துறது? பாவம், அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்."

கருவிப் பையின் ஜிப்பைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. அந்தப் பெரியவர் மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் ஊரில் ஒரு வாரத்துக்கே உயிரை எடுத்தார்கள். இங்கே வாயைத் திறக்காமல் மாதக்கணக்கில் சுவரைத் தடவியிருக்கிறார்கள். வாசலுக்கு வந்து தலைமை அலுவலகத்தை அழைத்து, இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கத்தினாள். தெருவில் போனவர்கள், ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'சரிங்க' நெளிந்தார்.

வெறுங்கையோடு திரும்பினாள். நடந்ததைச் சொன்னதும் தையல்காரர், "ஆஸ்பத்திரின்னா சரி," என்று ஒரு நாள் மட்டும் பேசாமல் இருந்தார். மாமியாரிடமும் சொன்னாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அங்க அப்படித்தான்," என்றார். பெருமையாகச் சொன்னாரா, வெட்கப்பட்டுச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மோட்டாரும் மலையடி நகரத்துக்கே போனது. இந்த முறை 'சரிங்க' அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். படியெல்லாம் ஆள். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு திட்டு. காது சிவக்க எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றவர், தையல்காரர் டார்ச்சைப் பிடுங்கியபோது ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுக் கத்தினார்.

"வேலை செய்ய விடுங்கய்யா!"

"இவ்வளவு குரல் இருக்கா உனக்கு!" என்று சிரித்த தையல்காரர் அவருக்கு டீ சொல்லி அனுப்பினார். சாயங்காலம் கதவு ஒழுங்காக மூடியது. மாமியார் கைத்தடியோடு கீழே போய், தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். யாரும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கையைக் கழுவும்போது போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"மேடம், ஒரே ஊருக்கு ரெண்டு மோட்டார் போயிருக்கே? ஒண்ணைத் திருப்பி அனுப்பிடுங்க."

"ரெண்டும் வேற வேற ஊர்ல ஓடுது சார்."

"எப்படி மேடம்? ரெண்டும் மலைப் பக்கம்தானே போச்சு?"

லிஃப்ட் அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.